பையை இறக்கி வைங்க, பஸ் வர நேரமாகும்

போன மாதம் இதே பக்கத்தில் யாருக்கோ பதில் சொல்லும்போது, "செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்கக் காரும் வேண்டாம், அரண்மனை ஹோட்டலும் வேண்டாம், முதுகில் ஒரு பையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்" என்று எழுதிவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் சினிமா, அரசியல், மாமியார் தகராறு எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்தத் தடவை காரைக்குடிப் பக்கம் மட்டும்தான்.

அண்ணே, நாங்கள் மூன்று பேர், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. நான்கு நாள் லீவு. வழிச்செலவோடு சேர்த்து ஆளுக்கு 3000 ரூபாய்தான் தேறும். செட்டிநாட்டைச் சுற்ற முடியுமா, இல்லை பேசாமல் ஊட்டிக்குப் போய்விடலாமா?
(ஒரு மாணவர், ஈரோடு)

ஊட்டியில் அந்தக் காசு இரண்டாம் நாளே முடிந்துவிடும் தம்பி, இங்கே வாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரைக்குடியில் சுமாரான லாட்ஜில் மூன்று பேர் படுக்கும் அறை 1200 ரூபாய் என்று வையுங்கள். முன்னே பின்னே இருக்கும். முகூர்த்த நாள் என்றால் அறையே கிடைக்காது, ஊரே கல்யாணத்துக்குத் திரும்பி வந்திருக்கும், அதனால் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று ராத்திரிக்கு 3600, ஆளுக்கு 1200. சாப்பாடு நாளைக்கு 250 வீதம் 1000. டவுன் பஸ்ஸுக்கு 200 தாராளம். ஈரோட்டிலிருந்து திருச்சி, அங்கிருந்து காரைக்குடி, திரும்பவும் அதே வழி, எல்லாம் சேர்த்து 500. ஆக 2900. மிச்சம் நூறு ரூபாய் நுழைவுச் சீட்டுக்கு. பலகாரம் வாங்க அம்மாவிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்க.

இந்தக் கணக்கு கெடுவது ஒரே இடத்தில்தான், ஆட்டோவில். என் அப்பா இந்தப் பக்கத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலத்தில் அவர் வண்டிதான் பல ஊருக்கு மணி காட்டியது. எட்டரை வண்டி போயிருச்சா, அப்ப உலை வைக்கலாம் என்பார்கள். இன்றைக்கும் உள்கிராமத்தில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், உட்காரப் பொறுமையில்லாதவர் ஆட்டோவைக் கூப்பிடுகிறார், ஆட்டோக்காரர் வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டியதையும் சேர்த்துத்தானே கேட்பார், அவர் மேல் தப்பில்லை. எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலை, டீக்கடையில் நின்று திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இரண்டு பேரிடம் கேட்டுக்கொள்வது. இரண்டு பேரும் இரண்டு நேரம் சொன்னால் முந்தின நேரத்தை நம்புங்கள்.

நானும் என் தோழியும் போக ஆசைப்படுகிறோம். பெண்கள் இரண்டு பேர் மட்டும் பையை மாட்டிக்கொண்டு சுற்றினால் ஊரில் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்களா?
(ஒரு வாசகி, சேலம்)

பார்ப்பார்கள் அம்மா. எல்லாரையும்தான் பார்ப்பார்கள், என்னையே பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு "எந்த ஊரு, யார் வீட்டுக்கு?" என்று கேட்பார்கள். "சும்மா ஊர் பார்க்க வந்தோம் ஆச்சி" என்று சொல்லிவிட்டால் பேச்சு நல்லபடியாகத் தொடங்கிவிடும்; ஆச்சி என்ற ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் பாதிக் கதவு திறக்கும். லாட்ஜை மட்டும் நேரில் பார்த்து எடுங்கள், தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள், மெயின் ரோட்டில் இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் நடுவே ஒன்றுமே இல்லாத ரோடுகள் நிறைய, ஆறு மணிக்கு மேல் அங்கே நடக்க வேண்டாம். இதை ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், விளக்கு கிடையாது, பாம்பு உண்டு.

உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஈரோட்டுத் தம்பிகளுக்கு நான் போட்டுக் கொடுத்த பஸ் செலவு உங்களுக்கு அப்படியே மிச்சம், அதில் கண்டாங்கிச் சேலைக் கடைக்குப் போய் விலை விசாரிக்கலாம். விசாரிக்கத்தான் முடியும்.

நடந்தே பார்க்க வேண்டும் என்றால் எந்த வழி?
(ஒரு வாசகர், தாம்பரம்)

எனக்குப் பிடித்த ஒரு நாள் நடை: கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி. மொத்தம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். கானாடுகாத்தானுக்குச் செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் உண்டு, எல்லா வண்டியும் நிற்காது, நிற்கிற வண்டி அமைந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் காரைக்குடியிலிருந்து காலை முதல் பஸ். ஆறரைக்குள் இறங்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் வாசல் தெளிக்கிறவர்களையும் நாய்களையும் தவிர ஆள் இருக்காது, இரண்டு பக்கமும் மாடி மாடியாக, கோபுரம் மாதிரி சுதைப் பொம்மைகளோடு வீடுகள் நிற்கும், வெயில் சரிவாக விழும். சுற்றுலா வேன்கள் வருவதற்கு முன்னால் இந்த ஒன்றரை மணி நேரம் உங்களுக்கே உங்களுக்கு.

அங்கிருந்து பள்ளத்தூருக்கு ஊர் ரோட்டில் போங்கள், நெடுஞ்சாலையில் நடக்காதீர்கள், ராமேஸ்வரம் போகும் வண்டிகளின் வேகம் நடப்பவர்களுக்கு ஆகாது. பள்ளத்தூரில் டிபன். பத்தரைக்குள் கோட்டையூரை எட்டிவிட்டால் வெயில் ஏறும் நேரத்துக்கு ஏதாவது கோயில் மண்டபத்தில் பையைத் தலைக்கு வைத்துச் சாயலாம், நடை சாத்தின பிறகு கோயிலுக்குள் இருக்க முடியாது, வெளி மண்டபத்தைச் சொல்கிறேன். கோட்டையூரைச் சும்மா தாண்டிப் போய்விடாதீர்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ஒருவர் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பழைய புத்தகம், நோட்டீஸ், நாடக விளம்பரம், கல்யாணப் பத்திரிகை என்று கண்டதையெல்லாம் சேர்த்துச் சேர்த்து, அவர் 1992-இல் இறந்தபோது லட்சத்தை எட்டும் சேகரிப்பாக அது வளர்ந்திருந்தது. அதுதான் இன்று சென்னையில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வள்ளல் அழகப்பர் பிறந்ததும் இதே ஊர். காரைக்குடிக்குள் நுழையும்போது கண்ணில் படும் கல்லூரிகளும் மின்வேதியியல் ஆய்வு நிலையமும் அவர் கொடுத்த இடத்தில் எழுந்தவை. அந்த ஆய்வு நிலையத்துக்கு மட்டும் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார்.

கால் வலித்தால் கையைக் காட்டுங்கள், டவுன் பஸ் நிறுத்துவார்கள். நடந்தே தீர வேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லையே.

பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? எத்தனை கிலோ இருக்கலாம்?
(பெயர் வேண்டாம் என்றவர், நாகர்கோவில்)

ஆறு கிலோவுக்கு மேல் வேண்டாம். நான் முதன்முதலில் இப்படிக் கிளம்பியபோது பதினான்கு கிலோ தூக்கினேன், அதுவும் சித்திரையில். சொந்த ஊர்ப் பக்கம்தானே, எனக்குத் தெரியாத வெயிலா என்ற திமிர். பள்ளத்தூர் தாண்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது, யார் வீட்டுத் திண்ணை என்று கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து வந்த ஆச்சி ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்துவிட்டு, பையைத் தூக்கிப் பார்த்து, "ரங்கூனுக்கா போறீக?" என்றார். அன்றைக்கு அந்தப் பையில் இரும்பு டார்ச்சும் இரண்டு ஜீன்ஸும் ஒரு தலையணையும் இருந்தன.

ஜீன்ஸே வேண்டாம். இரண்டு பருத்திச் சட்டை, ஒரு கைலி, கோயிலுக்கு ஒரு வேட்டி, துவட்டவும் தலைக்குக் கட்டவும் உட்காரவும் ஒரே துண்டு. குடை, தொப்பியை விட நல்லது. இரண்டு லிட்டர் தண்ணீர். பெண்கள் ஒரு சுடிதார் துப்பட்டாவைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் பத்து வேலைக்கு ஆகும். கோயில் கோயிலாகக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதால் லேஸ் கட்டும் ஷூ தொல்லை, வார் வைத்த செருப்புதான் சரி.

யூட்யூபில் காட்டும் பங்களாக்களுக்குள் நம்மை விடுவார்களா? நாங்கள் போன தடவை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.
(ஒரு குடும்பத்தார், கோயம்புத்தூர்)

முதலில் பூட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வீடுகள் யாரும் விட்டுவிட்டுப் போன வீடுகள் இல்லை. ஒரு வீட்டுக்குப் பத்து பங்காளி, இருபது பங்காளி. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம் என்றால் எல்லாரும் வந்து இறங்குவார்கள், ஒரு வாரம் வீடு நிறைந்து வழியும், அப்புறம் மறுபடி பூட்டு. வாட்ச்மேன்தான் வருஷம் முழுக்கக் குடியிருப்பவர். அவர் தன் விருப்பத்துக்கு உங்களை உள்ளே விட முடியாது. அவரிடம் நோட்டை நீட்டி வற்புறுத்தாதீர்கள், அவர் வேலை போகும்.

பார்க்கத் திறந்திருக்கும் வீடுகளும் உண்டு. ஆத்தங்குடியில் அரண்மனை என்று எல்லாரும் சொல்லும் பெரிய வீட்டை ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். கானாடுகாத்தானிலும் அப்படி ஒன்றிரண்டு வீடு உண்டு, அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று தெருவில் கேளுங்கள். அங்கே இருக்கும் செட்டிநாட்டு ராஜா வீட்டை வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

உள்ளே போனால் தலையை அண்ணாந்து விட்டத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். வாசல்படியில் நின்று நேராகப் பாருங்கள்: முகப்பு, அதைத் தாண்டி வளவு என்கிற நடு முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, கடைசியில் சமையல் கட்டு, பின்வாசல். ஒரே கோட்டில் வாசல் மேல் வாசலாகப் போய் அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஆண்கள் கணக்கு வழக்கு பார்த்தது முன்னால், பெண்கள் ஆண்டது பின்னால். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக் கடை வைத்துச் சம்பாதித்த பணம் பர்மா தேக்காகவும் இத்தாலி மார்பிளாகவும் இங்கே வந்து இறங்கியது. சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், கையால் தடவிப் பாருங்கள், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு வரவு நின்றுபோனது, அதற்கப்புறம் புதிதாக இந்த அளவில் வீடு எழும்பவில்லை. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்களைச் சேர்த்தார்கள். பட்டியல் ஒரு பக்கம் இருக்க, வீட்டைப் பிரித்துத் தூணும் கதவும் விற்பது இன்னொரு பக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, போய்ப் பாருங்கள், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச் சட்டி, யாரோ ஒரு அப்பச்சியின் போட்டோ. அந்த போட்டோக்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும், வாங்குகிறவர்கள் யார் என்று இன்றுவரை புரியவில்லை.

ஊரணியில் இறங்கிக் குளிக்கலாமா? படிக்கட்டெல்லாம் அழகாக இருக்கிறதே.
(ஒரு வாசகர், பெங்களூர்)

ஐயோ சாமி, வேண்டாம். கால் கூட நனைக்காதீர்கள். இங்கே வற்றாத ஆறு கிடையாது, மழைத் தண்ணீரைத் தேக்கித்தான் ஊர் பிழைத்தது, அதனால் குடிக்க ஓர் ஊரணி, குளிக்கத் துவைக்க வேறு ஊரணி என்று பிரித்து வைத்தார்கள். குடிதண்ணீர் ஊரணிக்குச் சுற்றுச்சுவர் கட்டி, செருப்போடு இறங்கக்கூடாது என்று எழுதிப் போட்ட ஊர்களும் உண்டு. குழாய் வந்த பிறகும் சில ஊர்களில் பருப்பு வேக வைக்க ஊரணித் தண்ணீர்தான் எடுக்கிறார்கள். குளிக்க வேண்டும் என்றால் எது குளிக்கிற ஊரணி என்று கேளுங்கள், காட்டுவார்கள். கேட்காமல் இறங்கினால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அப்போது என் பெயரைச் சொல்லாதீர்கள்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே விலை அதிகமாமே? குறைந்த செலவில் நல்லதாக எங்கே சாப்பிடுவது?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

வாழை இலை நிறையப் பதினெட்டு வகை வைத்து, பழைய பங்களாவில் உட்கார வைத்துப் போடும் சாப்பாடு விலைதான், அது வேறு அனுபவம், ஒருநாள் காசு இருந்தால் சாப்பிடுங்கள். அன்றாடத்துக்கு மெஸ். பதினொன்றரை மணிக்கே போய்விடுங்கள், குழம்பு அடிமண்டி ஆகாமல் இருக்கும். வெளியூர் ஹோட்டல்களில் சிவப்பாக, காரமாக எதைக் கொடுத்தாலும் அதற்குச் செட்டிநாடு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இங்கே வீட்டுச் சமையலில் அவ்வளவு காரம் இருக்காது; சோம்பும் மிளகும் கல்பாசியும் மணக்கும், எண்ணெய் மிதக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மலிவு. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வெள்ளைப் பணியாரம் போடும் கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், பச்சரிசியும் உளுந்தும் மட்டும் சேர்ந்த சங்கதி, ஓரம் மொறுமொறுவென்று நடுவில் பஞ்சு மாதிரி, தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். மசாலாச் சீயமும் கிடைத்தால் இரவுச் சாப்பாடே வேண்டாம். கவுனி அரிசி எங்கேயாவது போட்டால் விடாதீர்கள், பர்மாவிலிருந்து வந்து நம் வீட்டுப் பண்டமாகிவிட்ட கறுப்பரிசி அது.

வழிக்குப் பலகாரம் வாங்குங்கள். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், கைமுறுக்கு, எல்லாம் எடை போட்டுக் கொடுக்கும் வீடுகளும் சிறு கடைகளும் காரைக்குடியிலும் சுற்றூர்களிலும் நிறைய. கால் கால் கிலோவாக நான்கு வகை வாங்கினால் இரண்டு நாள் நடைக்குப் போதும், பத்து நாளானாலும் கெடாது. கப்பலேறிப் போனவர்களுக்குக் கட்டிக் கொடுத்துப் பழகிய கை.

நான் வந்து பார்த்துவிட்டேன். செம்மண், கருவேலமரம், பொட்டல். இதில் என்ன இயற்கை அழகு இருக்கிறது என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள்?
(ஏமாந்த ஒருவர், பொள்ளாச்சி)

எந்த மாதம் வந்தீர்கள் என்று எழுதவில்லையே. மே மாதமாகத்தான் இருக்கும். பொள்ளாச்சிக் கண்ணுக்கு எங்கள் ஊர் எப்படித் தெரியும் என்று எனக்குப் புரிகிறது, நான் சண்டைக்கு வரவில்லை. இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகு, மார்கழி தை மாதத்தில் வந்து பாருங்கள்: சரளை மண்ணின் சிவப்பு, நெல்லின் பச்சை, வரப்பில் பனை, ஊரணியில் அல்லி. அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குப் பெருமை அடித்துக்கொள்ள வாய்ப்பு.

அப்படி வந்தால் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள் (வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், பஸ்ஸில் ஏறும்போது கவனம்). 1977-இல் சரணாலயமானது. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய் மரங்களில் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா என்று அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். தீபாவளியன்று ஒரு சிறுவனைப் பட்டாசு இல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே போனால் சத்தமாகப் பேசக்கூட நமக்குக் கூச்சமாக இருக்கும்.

ட்ரெக்கிங் போக மலை உண்டா?
(ஒரு வாசகர், ஓசூர்)

குன்றக்குடி, மலை என்ற பெயருக்கு ஒரு மலை, படி ஏறினால் முருகன். அங்கிருந்து பிள்ளையார்பட்டி மூன்று கிலோமீட்டருக்குள், நடந்தே போய்விடலாம், குடைவரைக்குள் இருக்கும் இரண்டு கைப் பிள்ளையாரைப் பார்க்கலாம். நிஜமாகவே மூச்சு வாங்க வேண்டும் என்றால் சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் ஒரு தர்கா, இரண்டுக்கும் சனம் வருகிறது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள், மேலே கடை கிடையாது.

வடக்கே போனால் திருமயம் கோட்டை, 1687-இல் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டியது. ஒரே பாறையின் சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரை, மேலே பீரங்கி, நான்கு பக்கமும் காற்று. ரயிலிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். இன்னும் கொஞ்சம் வடக்கே நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் மண் குதிரைகள் வரிசை கட்டி நிற்கும், நேர்த்திக்கடன் வைத்தவை, ஒன்றன்மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு ஊருக்குப் போங்கள்.

கூடாரம் அடித்துத் தங்கலாமா அண்ணா? ஐரோப்பாவில் எல்லாம் அப்படித்தான் மலிவாகச் சுற்றுகிறார்கள்.
(ஒரு மாணவி, புதுச்சேரி)

கண்மாய்க் கரையில் ராத்திரி கூடாரம் அடித்தால் காலையில் ஊர் முழுக்க வந்து நிற்கும், போலீஸும் வரும், என்ன தோண்டுகிறீர்கள் என்று கேட்பார்கள். புதையல் ஆசை இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம்.

அந்தக் காலத்தில் வழிப்போக்கனுக்குத் திண்ணை இருந்தது. யார் என்று கேட்காமல் படுக்கலாம், விடிந்ததும் எழுந்து போய்விடலாம். இப்போது திண்ணைக்கெல்லாம் கம்பி போட்டாச்சு. திருட்டு பயம், குறை சொல்ல முடியாது. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை ஐரோப்பாக்காரனிடம் இந்த ஊர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் (அந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போகிறது, நானூறு வருஷப் பழக்கம் என்கிறார்கள். சிங்கம்புணரி, நத்தம் என்று ஊர் ஊராகத் தங்கி, கூடவே எல்லாச் சாதிச் சனமும் ஆயிரக்கணக்கில். ஒரு ஜோல்னாப் பை, ஒரு போர்வை, காலில் செருப்பு கிடையாது. எங்கே தங்குவது, எங்கே தண்ணீர், எந்த ஊரில் யார் மோர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு தை மாதம் அவர்களோடு ஒரு நாள், ஒரே ஒரு நாள், சிங்கம்புணரி வரைக்குமாவது நடந்து பாருங்கள். சாமி கும்பிடாதவராக இருந்தாலும் பரவாயில்லை, யாரும் கேட்பதில்லை. கொப்புளத்துக்கு என்ன போடுவது என்று மட்டும் நாற்பது பேர் நாற்பது வைத்தியம் சொல்வார்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் நான்கைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாமா?
(ஒரு வாசகி, மதுரை)

ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அது சிமெண்ட் கல் அம்மா. வாங்குவதை விடச் செய்வதைப் பார்ப்பது நல்லது, பல பட்டறைகளில் கேட்டால் உள்ளே விடுகிறார்கள், காசும் கேட்பதில்லை. கண்ணாடித் துண்டு மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு, கண்ணுக்குக் கண் வேறு வேறு நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அப்படியே மேலே தூக்கிவிடுவார், நிறம் ஒன்றோடொன்று கலக்காது. நான் எத்தனையோ தடவை பார்த்தும் அந்தத் தூக்கலில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து எடுத்தால் கண்ணாடி கழன்று வரும், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். சுடுவதில்லை, மெருகு மெஷின் இல்லை, நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். ஒரு கல் வாங்குங்கள், சூடான பாத்திரம் வைக்க ஆகும்.

சென்னைக்குத் திரும்ப எந்த ரயில் மலிவு?
(பல பேர் கேட்டிருக்கிறார்கள்)

பல்லவன். உட்கார்ந்து போகும் வகுப்பில் இருநூறு ரூபாய்க்கு அக்கம்பக்கம் வரும். சென்னையிலிருந்து பிற்பகலில் கிளம்பி ராத்திரி காரைக்குடி, காரைக்குடியிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி மத்தியானம் சென்னை. வாரக் கடைசிக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரே ஒரு சிக்கல், அந்த அதிகாலையில் ஸ்டேஷனுக்கு டவுன் பஸ் கிடையாது. முதல் நாள் ராத்திரியே ஓர் ஆட்டோவைச் சொல்லி வைத்துவிடுங்கள். நான்கு நாளாக நீங்கள் டீக்கடை பெஞ்சில் காத்துக் கிடந்து மிச்சம் பிடித்ததில் அவருக்குப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.